எந்தப் பால் பாக்கெட்டை எடுப்பது? கேள்வியும் பதிலும்

பால் வாங்குவது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதில்கள்.

கேள்வி: ஆவினில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று விற்கிறார்களே, விலை கூடினால் சத்தும் கூடுமா சார்?

கூடுவது முக்கியமாகக் கொழுப்புதான். நீலத்தில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. புரதமும் கால்சியமும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. பாக்கெட்டில் எஸ்.என்.எஃப் என்று இன்னொரு எண் இருக்கும். தண்ணீரும் கொழுப்பும் போக மிஞ்சுகிற புரதம், லாக்டோஸ், தாது உப்புகளின் அளவு அது. நீலம், பச்சை இரண்டிலும் 8.5, ஆரஞ்சில் 9. தினமும் 300 மில்லி குடிப்பவருக்கு நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் இடையே சுமார் 9 கிராம் கொழுப்பு வித்தியாசம். ஒல்லியான பிள்ளைக்கு அது நல்லது, கொலஸ்ட்ரால் பார்க்கச் சொன்ன அப்பாவுக்கு வேண்டாம். இன்னொன்று, வேறு கம்பெனியில் அதே நிறத்தில் வேறு பால் வரலாம். எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நீலப் பாக்கெட் என்பது தண்ணீர் கலந்த பால்தானே அண்ணா?

பால்காரர் தண்ணீர் ஊற்றினால் கொழுப்பு, எஸ்.என்.எஃப் இரண்டுமே இறங்கும். இங்கே கொழுப்பை மட்டும் 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, தேவைப்பட்டால் பால் பவுடர் சேர்த்து மற்றதைச் சரிக்கட்டுகிறார்கள். 1940களில் பம்பாயில், கொழுப்பு மிகுந்த எருமைப்பாலைக் கொண்டு நிறையப் பேருக்கு மலிவாகப் பால் கொடுக்க வந்த வழி இது.

கேள்வி: காபிக்கு எது?

பச்சை. ஆரஞ்சில் டிகாக்‌ஷன் அமுங்கிப்போகிறது என்பது என் கட்சி. வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கெட்டித் தயிருக்கும் பாயசத்துக்கும் ஆரஞ்சுதான்.

கேள்வி: அட்டைப்பெட்டிப் பால் மாதக்கணக்கில் கெடுவதில்லையே, மருந்து போடுகிறார்களா?

இல்லை. சாதாரணப் பாக்கெட் பாலை 72 டிகிரியில் 15 நொடி சூடாக்குவார்கள். இதை 135 டிகிரிக்கு மேல் சில நொடி சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். பிரித்துவிட்டால் இதுவும் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள்தான். உறை ஊற்றினால் தயிர் கொஞ்சம் இளக்கமாக வரும்.

கேள்வி: ஏ2 பாலுக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கலாமா?

நான் கொடுப்பதில்லை. ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தின் இரு வகை, அவ்வளவுதான். எருமைப்பால் ஏ2 வகைதான், அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை! 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட்டில் போடுகிற ஏ1, ஏ2 வாசகங்களை எடுக்கச் சொல்லி, சில நாளிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் லாக்டோஸ். ஏ2 பாலிலும் அது அதே அளவு இருக்கிறது.

கேள்வி: பக்கத்துத் தொழுவத்தில் கறந்த பால்?

தாராளமாக வாங்குங்கள். பொங்கக் காய்ச்சாமல் மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.