காலேஜ் மாறும் மகன், பணத்தைத் திருப்பிக் கேட்கும் நோட்டீஸ், வாசலைப் படம் பிடித்துப் போட்ட ரசிகர்

கேள்வி: டெக்ஸாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். நான் எச்-1பி வேலை விசாவில், மனைவியும் மகனும் அதைச் சார்ந்த எச்-4 விசாவில். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷத்துக்கு மேல் நிற்கிறோம். மகன் கோவையில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவன். பக்கத்து மாநிலக் கல்லூரி ஒன்றில் ஸ்காலர்ஷிப்பில், கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் கூடைப்பந்து ஆடுகிறான். இரண்டாம் ஆண்டு முடிகிறது. அவனை எடுத்த கோச் பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார். இவனும் ஏப்ரலில், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தான். அன்று ராத்திரியே ‘துரோகி’, ‘இந்தியாவுக்கே ஓடு’ என்று ரசிகர்கள் இணையத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் எங்கள் வாசல் தோரணம் தெரிகிற படத்தைக் கதவு எண்ணோடு போட்டு, ‘யாராவது போய் ஒரு பாடம் கற்பியுங்கள்’ என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், மகன் தவறவிட்ட இரண்டு ஃப்ரீ த்ரோவால் பந்தயத்தில் தோற்றேன் என்று, பணம் அனுப்பும் செயலியான வென்மோவில் 340 டாலர் கேட்கிறார். போதாததற்கு, அந்தக் கல்லூரியின் ஆதரவாளர்கள் பணம் திரட்டி வீரர்களுக்குத் தரும் ‘கலெக்டிவ்’ என்ற அமைப்பிடமிருந்து வக்கீல் நோட்டீஸ்: 24,000 டாலர் விளம்பர ஒப்பந்தத்தில் இதுவரை தந்த 18,000-ஐ 14 நாளில் திருப்ப வேண்டுமாம். அந்தப் பணத்துக்கு மூன்று படப்பிடிப்பு செய்தான். இரண்டு, டிசம்பர் லீவில் கோவையில் தாத்தா வீட்டு மொட்டைமாடியில். ஒன்று, கல்லூரி ஊரில் ஒரு கார் ஷோரூமில். அவன் மாறுவதைத் தடுக்க முடியுமா? பணம் கட்ட வேண்டுமா? இவர்கள் மேல் கேஸ் போடலாமா? செப்டம்பரில் அவனுக்கு 21 ஆகிறது, அதனால் ஏதும் சிக்கல் உண்டா?

பதில்: நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் கேட்டதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய விஷயம். அதற்கு வருகிறேன். முதல் கேள்வி சுலபமானது, அதை முடித்துவிடலாம்.

தடுக்க முடியாது. 2018 அக்டோபரில் போர்ட்டல் வந்தது. 2021-இல், ஒரு முறை மாறினால் ஒரு வருஷம் பெஞ்சில் உட்காராமலே ஆடலாம் என்றார்கள். 2023 டிசம்பரில் சில மாநிலங்கள் சேர்ந்து, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ மீது வழக்குப் போட்டு, மேற்கு வர்ஜீனியா ஃபெடரல் நீதிமன்றத்தில் தடை வாங்கின. 2024 ஏப்ரலில் என்சிஏஏவே இறங்கிவந்து, படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று விதியைத் திருத்தியது. மாணவர் எழுதிக் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கல்லூரி அவர் பெயரைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். உங்கள் மகன் பெயர் ஏறிவிட்டது. அந்தக் கதவு திறந்தாயிற்று.

ஆனால் ‘படிப்பு சரியாக இருந்தால்’ என்ற அந்த மூன்று சொல்லைக் கோச்சுகள் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் ஆண்டுக்குள் நுழைகிறவர், தான் எடுத்த பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். எந்தக் கல்லூரியின் பட்டம்? புதுக் கல்லூரியின் பட்டம். 120 கிரெடிட் பட்டம் என்றால் 48. தம்பி கையில் 60 இருக்கலாம். புது இடத்தில் அவன் எடுக்கும் பட்டத்துக்கு அதில் 44 தான் செல்லும் என்று சொல்லிவிட்டால், கணக்கில் நான்கு குறைகிறது, கோடை வகுப்பு எடுக்காமல் களத்தில் இறங்க முடியாது. எனவே ‘கமிட்’ (இந்தக் கல்லூரிக்குத்தான் வருகிறேன்) என்று படம் போடும் முன், எந்தெந்தப் பாடம் எந்தப் பட்டத்துக்குச் செல்லும் என்று புதுக் கல்லூரியின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கோச்சின் வாட்ஸ்அப் செய்தி அதற்கு ஈடாகாது. இன்னொன்று: பெயர் கொடுத்த பிறகு, பழைய கல்லூரி இந்தப் பருவம் முடிந்ததும் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். திரும்பிப் போனால் அதே இடம் இருக்கும் என்று நம்பி நிற்காதீர்கள்.

இனி நோட்டீஸ்.

வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு இல்லை. 14 நாள் என்பது அவர்களே போட்ட கெடு. ஆனாலும் அதற்குள் பதில் போக வேண்டும், எழுத்தில், அந்த மாநிலத்தில் உரிமம் உள்ள வக்கீல் வழியாக. நீங்களோ தம்பியோ போனில் பேசாதீர்கள். ‘தப்புதான், மெதுவாகத் தந்துவிடுகிறோம்’ என்று நம் ஊர் மரியாதையில் ஒரு வார்த்தை சொன்னாலும் அதையே கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துவைப்பார்கள்.

உங்களிடம் காசு கேட்பது கல்லூரி இல்லை, கலெக்டிவ். இந்த வேறுபாடு முக்கியம். வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6-இல் ஒப்புதல் கிடைத்த பிறகு, அந்த ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு வருவாயில் பங்கு தருகின்றன. ஒரு கல்லூரிக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அந்த ஒப்பந்தங்களில் ‘நடுவில் போனால் இவ்வளவு கட்டு’ என்ற ஷரத்து சகஜமாகிவிட்டது. அமெரிக்கக் கால்பந்தில் டேமன் வில்சன் ஜார்ஜியாவை விட்டு மிசூரி போனபோது, ஜார்ஜியா தரப்பு 3,90,000 டாலர் கேட்டு நீதிமன்றம் போனது. விஸ்கான்சின், சேவியர் லூகாஸ் மயாமிக்குப் போனதற்காக 2025 ஜூனில் வழக்குப் போட்டது. அதுவும் பையன் மேல் இல்லை, மயாமி பல்கலைக்கழகத்தின் மேல். பத்தொன்பது வயதுப் பையனைக் கூண்டில் ஏற்றினால் ஊர் சிரிக்கும் என்று யாரோ யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் ஒப்பந்தமோ வெறும் விளம்பர ஒப்பந்தம். இன்ன பொருளுக்கு இத்தனை படம், இத்தனை போஸ்ட், அதற்கு 24,000 டாலர், நான்கு தவணை. மூன்று தவணை வந்தது, மூன்று வேலை முடிந்தது. இப்போது நான் எதிர்த்தரப்பிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இது விளம்பரத்துக்குக் கொடுத்த காசா, அணியில் இருப்பதற்குக் கொடுத்த காசா? விளம்பரத்துக்கு என்றால் விளம்பரம் உங்கள் கைக்கு வந்துவிட்டது, எதைத் திருப்பச் சொல்கிறீர்கள்? அணியில் இருப்பதற்கு என்றால், அதை ஏன் விளம்பரம் என்று எழுதினீர்கள்? 600 டாலருக்கு மேற்பட்ட வெளியார் ஒப்பந்தம் எல்லாம் இப்போது பதிவுக்கும் பரிசீலனைக்கும் போகிறது. உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். இரண்டாவது பதிலை எழுத்தில் தர எந்தக் கலெக்டிவும் விரும்பாது.

அதோடு, முன்கூட்டியே எழுதிவைத்த நஷ்டஈட்டுத் தொகை, உண்மையில் வரக்கூடிய நஷ்டத்துக்கு நியாயமான மதிப்பீடாக இருக்க வேண்டும். தண்டனையாக இருந்தால் அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை. நம் ஊர் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவைப் படித்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட வாதம்தான். நடந்து முடிந்த வேலைக்கான கூலி முழுவதையும் பிடுங்குவது எந்த நஷ்டத்தின் மதிப்பீடு? மீதி 6,000-ஐ மறந்துவிட்டு இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுப் பிரிவதில்தான் இது முடியும் என்பது என் கணிப்பு. ஒப்பந்தத்தை நேரில் பார்க்காமல் அதற்கு மேல் சொன்னால் அது ஜோசியம்.

புதுக் கல்லூரிக்காரர்கள் ‘அந்த 18,000-ஐ நாங்களே கட்டிவிடுகிறோம், கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சரி என்று சொல்லிவிடாதீர்கள். அவன் சார்பில் யார் கட்டினாலும் அது அவன் பெற்ற பணம். அங்கேதான் விசா வருகிறது.

எச்-4-இல் இருக்கிற மகனுக்கு இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி கிடையாது. ஸ்காலர்ஷிப் வேறு, அது படிப்புச் செலவு. காசு வாங்கிக்கொண்டு ஷோரூமில் நின்று சிரிப்பது வேலை. வெளிநாட்டு வீரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, விளம்பர வேலையை அமெரிக்காவுக்கு வெளியே செய்வது. காங்கோவிலிருந்து வந்து கென்டக்கியில் ஆடிய ஆஸ்கர் ஷீப்வே, 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் போனபோது இப்படித்தான் அங்கே வைத்து வேலையை முடித்தார். உங்கள் மொட்டைமாடிப் படங்களும் அந்த வகை. யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லித்தான் கோவையில் எடுத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் எடுத்த படத்தை அவன் இன்ஸ்டாகிராமில் போட்டது எந்த நாட்டில் இருந்து? அந்தத் தேதியைப் பாருங்கள். கார் ஷோரூம் விஷயத்துக்கு நான் இந்தப் பக்கத்தில் பதில் எழுத மாட்டேன். அதற்கு ஒரு குடியேற்ற வக்கீலிடம் நேரில் போங்கள், இந்த வாரமே. கலெக்டிவுக்குப் போகும் பதிலில் அந்தப் படப்பிடிப்பைப் பற்றி ஒரு வரிகூட அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது. இரண்டு வக்கீலும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். பெரும்பாலும் பேசுவதில்லை, குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

செப்டம்பரில் 21 முடிந்தால் எச்-4 முடிந்தது. அதற்கு முன்பே எஃப்-1 மாணவர் அந்தஸ்துக்கு மாற ஐ-539 மனு போயிருக்க வேண்டும். அதற்கு ஒரு கல்லூரியின் ஐ-20 (சேர்க்கைச் சான்றுப் படிவம்) வேண்டும். எந்தக் கல்லூரி? பழையதன் ஐ-20-ஐ வைத்து மனுப் போட்டுவிட்டு ஜூலையில் புது இடத்தில் கையெழுத்துப் போட்டால், மாணவர் பதிவை மாற்றும் வேலை தலையில் விழும். ஆகவே எங்கே போவது என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து ஐ-20 வாங்கி, கோடைக்குள் மனுவைப் போடுங்கள். மனு நிலுவையில் இருக்கும்போது அவன் நாட்டை விட்டு வெளியே போனால், மனுவைக் கைவிட்டதாகக் கணக்கு. ஆகஸ்டில் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போகும் அணிகள் உண்டு. புதுக் கோச் பஹாமாஸ் கூட்டிப்போகிறேன் என்று ஆசையாகச் சொல்லுவார். தம்பி வீட்டில் இருக்க வேண்டியதுதான். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போய் எஃப்-1 முத்திரை வாங்கி வருவது இன்னொரு வழி. உங்கள் கிரீன் கார்டு மனு நிற்கும்போது ‘படித்துவிட்டுத் திரும்பிப் போவேன்’ என்று அவன் அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டியிருக்கும், அது லேசு இல்லை.

எஃப்-1 ஆன பிறகும் வருவாய்ப் பங்கு ஒப்பந்தத்தில் கை வைக்க அவசரப்படாதீர்கள். புதுக் கோச்சிடம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன், மாணவ விசாவில் இருக்கும் வீரர்களுக்கு உங்கள் கல்லூரி இதுவரை என்ன செய்தது என்று கேளுங்கள்.

இனி ரசிகர்கள். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், நானும் ஒரு கல்லூரி அணிக்குப் பின்னால் இருபது வருஷமாகச் சுற்றுகிறவன். அவர்கள் கோபத்தின் வேர் எனக்குத் தெரியும். ஐபிஎல்லில் ஆள் மாறினால்கூட ஏலம், தக்கவைப்பு என்று ஒரு கணக்கு இருக்கும். இங்கே 2025-இல் ஆண்கள் டிவிஷன் ஒன்றில் மட்டும் 2,000 பேருக்கு மேல் போர்ட்டலுக்குள் போனார்கள். 2024-இல் கோச் கலிபாரி கென்டக்கியை விட்டு ஆர்கன்சாஸ் போனபோது, அடுத்து வந்த மார்க் போப்புக்கு ஸ்காலர்ஷிப் வீரர் என்று கிட்டத்தட்ட ஒருவரும் மிஞ்சவில்லை. சீசன் டிக்கெட் வாங்கி, பெயர் பொறித்த பனியன் வாங்கி, அடுத்த நவம்பரில் யாரையும் அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருப்பது வேதனைதான். கலிபாரியையும் விடவில்லை; 2025 பிப்ரவரி 1-இல் கென்டக்கியின் ரப் அரங்கத்துக்கு ஆர்கன்சாஸோடு வந்தபோது கூவித் தீர்த்தார்கள். அவர் 89-79 என்று ஜெயித்துவிட்டுப் போனார். ஆனால் கோடிக்கணக்கில் வாங்கும் கோச்சுக்குக் கூவல், இருபது வயதுப் பையனுக்கு வீட்டு முகவரி என்றால் அது கோபம் இல்லை.

‘துரோகி’ என்பதற்கு வழக்கு இல்லை. ‘இந்தியாவுக்கே ஓடு’ என்பதும் தனியாக நின்றால் அருவருப்பான பேச்சுதான், குற்றம் ஆகாது. பேச்சுரிமை அதையும் காக்கிறது. வாசல் படம் வேறு சாதி. டெக்ஸாஸில் 2023 செப்டம்பர் முதல், ஒருவருக்கோ குடும்பத்தாருக்கோ தீங்கு வர வேண்டும் என்ற எண்ணத்தோடு வீட்டு முகவரியையோ தொலைபேசி எண்ணையோ இணையத்தில் போடுவது குற்றம். 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். ‘பாடம் கற்பியுங்கள்’ என்ற அந்த வாக்கியம்தான் எண்ணத்துக்குச் சாட்சி. அடிப்பேன், கொல்லுவேன் என்று யாராவது வேறு மாநிலத்திலிருந்து எழுதியிருந்தால் அது ஃபெடரல் குற்றம், ஐந்து வருஷம் வரை. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று தப்பப் பார்ப்பார்கள். மிரட்டலாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று தெரிந்தும் அலட்சியமாக எழுதினாலே போதும் என்று 2023-இல் ‘கவுன்டர்மேன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிளாக் செய்யும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயர், தேதி, நேரம், இணைப்பு எல்லாம் தெரிய வேண்டும். உங்கள் ஊர் போலீசில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். இன வசவும் மிரட்டலும் ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தால் அதைத் தனியாகச் சுட்டிக்காட்டுங்கள், தண்டனையைக் கூட்ட இங்கே சட்டத்தில் இடம் உண்டு. வென்மோ கோரிக்கையை மறுத்துவிட்டு, அதன் படத்தையும் பத்திரப்படுத்தி, கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் (விதிமுறைக் கண்காணிப்பு) அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தனிப்பட்ட வீரர் மேல் கட்டும் பந்தயத்தைத் தடைசெய்யச் சொல்லி என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கரே 2024 மார்ச்சில் கேட்டார், இந்த மாதிரி ஆட்களால்தான். தம்பி யாருக்கும் பதில் எழுத வேண்டாம். உங்கள் மனைவியும்தான். அம்மாக்கள்தான் இரவு இரண்டு மணிக்கு எழுதிவிடுகிறார்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஒப்பந்தம், மூன்று தவணைக்கான வங்கிக் கணக்குத் தாள், கலெக்டிவ் தந்த 1099 வருமானப் படிவம் இவற்றோடு டிசம்பர் கோவைப் பயணத்தின் போர்டிங் பாஸையும் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் தம்பியின் பாஸ்போர்ட்டில் அந்தப் பயணத்தின் முத்திரை விழுந்த பக்கம் போதும்.