கோட் எழுதும்போது ஒரே மாதிரி வரிகளைத் திரும்பத் திரும்ப அடிப்பதைக் குறைக்க என்ன வழி?

இந்தக் கேள்வியை இரவு பதினொரு மணிக்கு மேல், மணிக்கட்டைப் பிசைந்துகொண்டுதான் எழுதியிருப்பீர்கள். முப்பது நாற்பது ஃபீல்ட், அதாவது நிரப்பும் பெட்டி, உள்ள ஒரு படிவம் இருக்கும். ஒரு வரியை எழுதுவது, கொப்பி பண்ணுவது, ஒட்டுவது, பெயரை மாற்றுவது, மறுபடி ஒட்டுவது. நானும் அப்படி இருந்தவன்தான். ஆனால் எனக்கு வலித்தது மணிக்கட்டு இல்லை, மானம்.

2022 மார்ச். இலங்கையின் கிழக்கே கல்முனையில் ஒரு சின்ன கொம்பனியில் இருந்தேன். சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு, நெல் வாங்கும்போது துண்டு (ரசீது) போட்டுக் கொடுக்கும் மென்பொருள், ஜாவாவில். அந்த மாதக் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது ஞாபகம் இருக்கும். பற்றரி நிற்கும் வரைக்கும்தான் வேலை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிக்கொண்டே போனேன். நாடு, சம்பா, கீரிச்சம்பா என்ற நெல் வகைகள், ஈரப்பதக் கழிவு, சாக்கு நிறை என்று மொத்தம் 46 ஃபீல்ட். சம்பாவின் செட்டரை, அதாவது அந்தப் பெட்டிக்குரிய எண்ணை உள்ளே போடும் சின்னக் கோட் துண்டை, கீழே ஒட்டி, தலைப்பு வரியில் பெயரைக் கீரி என்று மாற்றினேன். உள்வரியில் 'திஸ் டொட் சம்பா' அப்படியே கிடந்தது, கீரிக்குப் போடும் எண் சம்பாவுக்குள் போகும். கோடை மொழிமாற்றும்போது பிழை பார்க்கும் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு இரண்டும் எண்தானே.

நிரப்பிய பெட்டிக்கு மட்டும் செட்டரைக் கூப்பிடும்படி எழுதியிருந்ததால் சம்பா கொண்டுவந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கீரிச்சம்பா கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் சம்பா விலையில் துண்டு போயிருக்கிறது. உரம் இல்லாமல் விளைந்த பெரும்போகம், வந்ததே கொஞ்ச நெல், அதிலும் விலை பிழை. மூன்றாம் நாள் ஆலைக்கார ஹாஜியார் கோல் எடுத்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, இந்தக் கிழமை கீரிச்சம்பா ஒரு கிலோவும் வரல்ல எண்டு உங்கட கொம்பியூட்டர் சொல்லுது. அப்ப பின்னால அடுக்கி வெச்சிருக்கிறது என்ன, மண்ணா?" பழைய துண்டுகளை மேசையில் பரப்பி, கல்குலேற்றரோடு ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன்.

சரி, வழிக்கு வருகிறேன். இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்த பொடியன். சொல்லவே கொஞ்சம் கூச்சம், எனக்கு அப்போது ஆறு வருட அனுபவம். "அண்ணே, பேரை மட்டும் அடிங்களன், மிச்சத்தை அது பார்க்கும்" என்றான். விம் எடிட்டரில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, 46 பெயரையும் வரிக்கு ஒன்றாக அடிக்கச் சொன்னான். முதல் வரியில் நின்று கியூ, ஏ அழுத்தினால் பதிவு தொடங்கும். வை, ஐ, டபிள்யூ என்றால் அந்தச் சொல் கொப்பியாகும். அதை வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டி, எண்ணை எடுத்துத் தரும் கெட்டர், உள்ளே போடும் செட்டர் இரண்டையும் கட்டிவிட்டு, அடுத்த பெயரின் தொடக்கத்துக்கு இறங்கி மறுபடி கியூ. பிறகு 45 என்று அடித்து, அட் குறி, ஏ. அவ்வளவுதான், திரை ஒரு தடவை துள்ளியது, மிச்சம் 45 பெயருக்கும் வந்து நின்றது. இப்படிப் பதிந்து ஓட்டுவதற்குப் பெயர் மேக்ரோ. எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுத்தாலும் கீழே இறங்க வரி இல்லாதபோது தானே நின்றுவிடும்.

இதில் எல்லோரும் விடுகிற பிழை ஒன்று. பதிவு செய்யும்போது அம்புக்குறி விசையால் எழுத்து எழுத்தாக நகராதீர்கள். நாடு சின்னப் பெயர், கீரிச்சம்பா நீண்ட பெயர், இரண்டாவது வரியிலேயே எல்லாம் கோணலாகிவிடும். சொல் சொல்லாகத் தாவுங்கள், வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தாவுங்கள்.

விம் வேண்டாம் என்றால் விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டரிலும் வழி இருக்கிறது. கன்ட்ரோல் டி அழுத்த அழுத்த அதே சொல் வரும் அடுத்தடுத்த இடமும் பிடிபடும், ஒன்றாக மாற்றலாம். அதைவிட சினிப்பெட், அதாவது முன்பே எழுதி வைக்கும் கோட் வார்ப்பு, நல்லது. வார்ப்பில் பெயர் வரும் நான்கு இடத்திலும் டொலர் ஒன்று என்று போட்டு வையுங்கள், ஒரு இடத்தில் அடித்தால் நான்கும் நிரம்பும். கீரிக்குள் சம்பா ஒளிந்திருக்க இடமே இல்லை.

கருத்துப் பெட்டிக்கு ஓடி வருகிறவர்களே, தெரியும். எக்லிப்ஸ் எடிட்டரில் கெட்டர் செட்டர் போடும் வசதி இருக்கிறது, அவற்றைத் தானே உருவாக்கும் லொம்பொக் இருக்கிறது, இப்போது ஏஐயிடம் சொன்னாலே எழுதித் தந்துவிடும். ஓம். ஆனால் அதே 46 பெயரும் டேட்டாபேஸ் அட்டவணையிலும் திரையிலும் அச்சடிக்கும் துண்டிலும் வந்ததே, அதற்கு எந்தப் பட்டன்? ஏஐ எழுதினாலும் ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டியது நீங்கள்தான், ஹாஜியாரின் கோல் அதற்குப் போகாது.

மேக்ரோ பழகிய பிறகு வந்த தொல்லை வேறு. முதலாளி கீபோர்ட் சத்தத்தை வைத்துத்தான் வேலையை அளப்பார். "என்ன, சத்தத்தைக் காணல்ல?" என்று கதவடியில் வந்து நிற்பார். வீட்டில் அதற்கு நேர்மாறு. "மகன், நீ கொம்பியூட்டர்ல அடிக்கிற வேலைதானே" என்று களுவாஞ்சிகுடிப் பெரியம்மா ஒவ்வொரு வைகாசியும் கண்ணகி அம்மன் சடங்கு நோட்டீசைக் கொண்டுவந்து தருவார். எந்தக் குடிக்கு எந்த நாள் பூசை என்கிற பட்டியல், வரிக்கு வரி ஒரே அமைப்பு, மேக்ரோவுக்கென்றே பிறந்தது. ஆனால் போன வருசத்துக் கோப்பு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும். என் எடிட்டரில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தால் அச்சகத்தில் வேண்டாம் என்கிறார்கள், திரும்பவும் பாமினிதான் வேண்டுமாம்.

இந்த வருசமும் அந்தப் பட்டியலைக் கையால்தான் அடித்தேன். பெரியம்மாவுக்குச் சத்தம் கேட்டது, சந்தோசம்.