மகள் பொம்மையை அதட்டுகிறாள்: அங்கன்வாடி டீச்சரிடம் சில கேள்விகள்

தக்கலைப் பக்கம் 31 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பிள்ளைகளுக்கு இரக்க குணம் எப்படி வருகிறது என்று வந்த கேள்விகளுக்குக் கண்டதையும் படித்ததையும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், என் மகளுக்கு ஐந்து வயது. நேற்று பொம்மைகளை வைத்து மீன் வியாபாரம் விளையாடினாள். "இது நேத்தைக்குள்ள மீனுல்லா? கொண்டு போ!" என்று அதட்டித் தட்டைத் தள்ளிவிட்டாள். நாங்கள் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. (திருவிதாங்கோடு, ஒரு அம்மா)

அவளிடம் பேசியிருக்க மாட்டீர்கள் மக்களே. மீன்காரம்மாவிடம் பேசியிருப்பீர்கள்.

கோபப்படாதீர்கள், இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 1961இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் 72 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். காற்றடைத்த பெரிய பொம்மையை ஒருவர் சுத்தியலால் அடித்துத் திட்டுவதைச் சில பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு அதே மாதிரி பொம்மை கைக்கு வந்ததும், அவர்களில் பலர் அவர் அடித்தபடியே அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையே சொன்னார்கள். யாரும் சொல்லித்தரவில்லை, செய் என்று சொல்லவும் இல்லை. உங்கள் மகள் தட்டைத் தள்ளின விதத்தை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். அது யாருடைய கை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைக்கு மீன் வாங்குகிற நேரம் ஒரு வகுப்பு. மீன்காரம்மா பாத்திரத்தைத் தலையிலிருந்து இறக்க நாம் ஒரு கை கொடுக்கிறோமா, நடையில் நின்றபடியே மூடியைத் திறக்கச் சொல்கிறோமா. சாளையின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒழுங்காக வைக்கிறோமா, வீசுகிறோமா. வேண்டாம் என்றால் எந்தக் குரலில் சொல்கிறோம். எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளை பார்க்கிறது. நாளைக்கு அவர் வரும்போது மகளிடம் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிடுங்கள். "முட்டத்திலிருந்து வெயிலில் வாறாங்க, தாகமா இருக்கும்" என்று காரணத்தையும் சொல்லுங்கள். செய்வதைப் பார்த்தால் பழகும், ஏன் என்று தெரிந்தால் வேறு இடத்திலும் செய்யும்.

தினமும் ராத்திரி மகனுக்கு நீதிக்கதை சொல்கிறேன். எட்டு வயது. ஆனாலும் எதையும் யாருக்கும் கொடுக்க மாட்டான். (மார்த்தாண்டம், ஒரு அப்பா)

கதையை நிறுத்த வேண்டாம், அது நல்லதுதான். ஆனால் கதை வாய்க்குத்தான் போகும். 1970இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிள்ளைகளின் முன்னால் ஒருவர் விளையாடிப் பரிசு ஜெயித்தார். அப்படி ஜெயித்துக் காட்டிய பெரியவர்களில் சிலர் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பேசிவிட்டுத் தாங்களே வைத்துக்கொண்டார்கள், சிலர் கொடுத்தார்கள். கொடுப்பதில் பிள்ளைகள் அந்த ஆளின் கையைப் பின்பற்றினார்கள். பேசுவதில் அவருடைய பேச்சைப் பின்பற்றினார்கள். அதாவது, கொடுக்காமலே அழகாக உபதேசம் செய்யவும் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்கிறார்கள்.

கடைசியாக நீங்கள் யாருக்காவது ஏதாவது கொடுத்ததை மகன் எப்போது பார்த்தான்? ஜிபேயில் அனுப்பியது கணக்கில் வராது, அவன் பார்க்கவில்லையே.

நல்ல காரியம் செய்தால் சாக்லேட் கொடுக்கலாமா? (நாகர்கோவில்)

வேண்டாம். ஜெர்மனியில் வார்னெகன், டோமசெல்லோ என்ற இருவர் 2008இல் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தார்கள். உதவினதற்குப் பொருள் வாங்கிய குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது. எதுவும் வாங்காத குழந்தைகள் தொடர்ந்து உதவினார்கள்.

பேரனுக்கு ஒன்றரை வயது. நான் கண்ணாடியைக் கீழே போட்டால் எடுத்துத் தருகிறான். யார் சொல்லித் தந்தது என்றே தெரியவில்லை. (குளச்சல், ஒரு தாத்தா)

அண்ணாச்சி, சொல்லித் தர வேண்டியதில்லை, கொஞ்சம் உள்ளேயே இருக்கிறது. மேலே சொன்ன அதே இருவர் 2006இல் 18 மாதக் குழந்தைகள் 24 பேரைப் பார்த்ததில், 22 பேர் ஒரு தடவையாவது எழுந்து போய் உதவினார்கள். அவன் நீட்டும்போது கண்ணாடியை வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். "அழுக்குக் கையால தொடாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நான் துபாயில் இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு மாதம்தான் ஊரில். மகன் என்னைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வான்? (கருங்கல்)

வீடியோ காலில் நீங்கள் அவன் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைக் கற்றுக்கொள்வான். பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன்னால் அவள் சாப்பிட்டாளா என்று கேட்டால், அது அவன் காதில் விழும்.

ஒக்கிப் புயல் வந்தபோது எங்கள் தெருவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் உதவினோம். இப்போது ஆளுக்கொரு மதில். பிள்ளைகள் எங்கே பார்ப்பார்கள்? (குலசேகரம்)

உண்மைதான். 2017 நவம்பர் 30ஆம் தேதி மரங்கள் விழுந்து கரண்ட் போய், மோட்டார் ஓடாத நாட்களில் கிணறு உள்ள வீடு எல்லோருக்கும் வீடானது. புயலுக்காகக் காத்திருக்க முடியுமா? உங்கள் ஊரில் சக்கைக்கு, அதான் பலாப்பழத்துக்கு, பஞ்சமா? ஒன்றை வெட்டினால் பாதிச் சுளையைத் தட்டில் வைத்துப் பிள்ளையிடம் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். தட்டு வெறுமனே திரும்பி வராது. அதையும் அவனே வாங்கி வரட்டும்.

பிள்ளை முன்னால் பஸ்ஸில் கண்டக்டரைக் கத்திவிட்டேன். இனி என்ன செய்ய? (பெயர் வேண்டாம்)

எனக்கும் நடந்தது. ஒரு நாள் சோறு அடிப்பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் முன்னாலேயே எங்கள் உதவியாளரைச் சத்தம் போட்டேன். மறுநாள் நாலு வயதுப் பொடிசு ஒன்று இன்னொன்றைப் பார்த்து, இடுப்பில் ஒரு கை வைத்து, விரலை ஆட்டி, "உனக்கு ஒரு வேல ஒழுங்கா தெரியாதா?" என்கிறது. வார்த்தை, விரல், இடுப்பு எல்லாம் நான். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அன்றே சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் பார்க்க உதவியாளரிடம், "நேத்து சத்தம் போட்டது தப்பு, மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றேன். அவர் பதறிப்போய்விட்டார். பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அந்தக் கண்டக்டரைத் திரும்பப் பார்க்க முடியாவிட்டால் பிள்ளையிடமாவது சொல்லுங்கள். "டயர்டா இருந்தேன், அதான்" என்று வால் ஒட்டாமல் சொல்லுங்கள்.

டீச்சர், முதல் கேள்வி கேட்டவள்தான். அப்போ மீனுக்கு விலையே பேசக் கூடாதா?

யார் சொன்னது? தாராளமாகப் பேசுங்கள். நான் இன்றைக்கும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லித்தான் வாங்குகிறேன். அவர் குறைக்க மாட்டார், நாலு சாளையைக் கூடுதலாக அள்ளிப் போட்டுவிட்டு, "பாத்திரத்தத் தூக்கி விடுங்க டீச்சர்" என்பார்.