பதினான்காம் மாடியில் மரம்: படம் ஒன்று, கணக்கு வேறு

கேள்வி: சென்னையில் எங்கள் குடியிருப்பு 40 ஆண்டு பழையது. மூன்று மாடி, 24 வீடுகள். இடித்துவிட்டு 14 மாடியில் 56 வீடுகள் கட்டித் தருவதாக ஒரு பில்டர் பேசிவருகிறார். அவர் காட்டும் படத்தில் ஒவ்வொரு பால்கனியிலும் மரம் நிற்கிறது. "இத்தாலியில், மிலானில் இருக்கிறதே, அந்த மாதிரி" என்கிறார். எங்களில் பாதிப் பேர் படத்தில் மயங்கிவிட்டார்கள். மீதிப் பேர் "ஒழுகும், கொசு வரும்" என்கிறார்கள். நம் ஊரில் இது சரிப்படுமா? ஒப்பந்தத்தில் என்ன எழுதி வாங்குவது?

பதில்: புதர்ச்செடியும் கொடியும் என்றால் சரிப்படும். படத்தில் இருப்பதுபோல ஐந்தாறு மீட்டர் மரம் என்றால், கட்டடத்தையே அதற்காக வடிவமைக்க வேண்டும். விற்பனைப் படத்தில் பிறகு ஒட்டிய மரத்துக்கு அந்த வடிவமைப்பு இருக்காது.

மிலானில் என்ன செய்தார்கள் என்று முதலில் பாருங்கள். ஸ்டெஃபானோ போயரியின் குழு வடிவமைத்து 2014-இல் திறக்கப்பட்ட 'போஸ்கோ வெர்டிகாலே' இரண்டு கோபுரங்கள். உயரமானது 110 மீட்டரைத் தாண்டும். சுமார் 800 மரங்கள். பால்கனிகள் 3.35 மீட்டர் வரை வெளியே நீள்கின்றன, அவற்றின் ஸ்லாப் 28 செ.மீ. தடிமன். மரத்தொட்டியின் ஆழம் சுமார் 1.1 மீட்டர். மரங்களைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். நாற்றங்காலில் முன்கூட்டியே வளர்த்துக் கொண்டுவந்தார்கள். வேர்ப்பந்தை, அதாவது வேரையும் அதைப் பிடித்திருக்கும் மண்ணையும், பட்டைகளால் கட்டினார்கள். பெரிய மரங்களுக்கு இரும்புக் கம்பிப் பிடிமானமும் உண்டு. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று: பால்கனி மரம் அந்த வீட்டுக்காரருடையது அல்ல, கட்டடத்தின் பொதுச் சொத்து. நீர் பாய்ச்சுவது ஒரே மைய அமைப்பு. கிளை வெட்டுவது கயிற்றில் இறங்கும் தோட்டக்காரர்கள். குடியிருப்பவர் தன் இஷ்டத்துக்கு ஒரு கிளையைக்கூட வெட்ட முடியாது.

இனி உங்கள் கட்டடத்துக்கு வருவோம். நம் தரநிலையான ஐ.எஸ். 875, குடியிருப்பின் பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 300 கிலோ பயன்பாட்டுச் சுமையைக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. 3 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழத்தில் ஒரு மரத்தொட்டி வைத்தால் மண் மட்டும் 2.4 கன மீட்டர். மழையில் ஊறிய தோட்டமண் கன மீட்டருக்கு 1.8 டன் வரும். ஆக, 4.4 டன், சதுர மீட்டருக்கு 1,600 கிலோவுக்கு மேல். அந்தக் குறைந்தபட்சச் சுமையைப் போல் ஐந்து மடங்கு, தொட்டிச் சுவரையும் மரத்தையும் சேர்க்காமலே. அதுவும் இந்தச் சுமை எப்போதும் பால்கனியின் வெளி விளிம்பில்தான் உட்காரும், படம் எடுக்க அங்கேதானே அழகு! நீட்டிய கையின் நுனியில் வாளியைத் தொங்கவிடுவது போல. அதே சுமையைத் தூண்களுக்கு நேராக, பீம் மேல் வைத்தால் ஸ்லாப்புக்குப் பாதிக் கஷ்டம் போய்விடும். எனவே முதல் கேள்வி இதுதான்: ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் தொட்டியின் சுமை எத்தனை கிலோ என்று எழுதப்பட்டிருக்கிறது? எழுதப்படவில்லை என்றால், அந்தத் தொட்டி படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

"லேசான மண் கலவை போடுவோம்" என்பார்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, பெர்லைட் கலந்தால் ஈரத்தோடு கன மீட்டருக்கு 1.2 டன் அளவுக்குக் குறைக்கலாம். இங்கேதான் பலர் கவனிக்காத சிக்கல். கட்டட வடிவமைப்பில் சென்னைக்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இரண்டு மீட்டர் அகலத் தழை மூன்று சதுர மீட்டர் பரப்பைக் காட்டும்; இலைகளினூடே காற்று புகுந்துவிடுவதால் பாதியை விட்டுவிட்டாலும் 225 கிலோ தள்ளுவிசை. அது இரண்டரை மீட்டர் உயரத்தில் தள்ளினால் கவிழ்க்கும் திருப்புமை, அதாவது தள்ளும் கிலோவை உயரத்தின் மீட்டரால் பெருக்கினால் வருவது, சுமார் 560. புதிதாக நட்ட மரத்தின் 90 செ.மீ. வேர்ப்பந்து தன் எடையால் எதிர்த்து நிற்பது எவ்வளவு? லேசான கலவையில் 390. கனமான தோட்டமண்ணிலேயே 590தான். அதாவது ஸ்லாப்பைக் காப்பாற்றும் மண் மரத்தைக் கைவிடும். மரத்தைக் காப்பாற்றும் மண் ஸ்லாப்பைக் கைவிடும். தொட்டிச் சுவர் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. மேல்மாடிகளிலும் கட்டட மூலைகளிலும் காற்று இன்னும் கூடும். 2016 டிசம்பரில் வர்தா புயல், தரையில் வேரூன்றிய மரங்களையே சாய்த்ததைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் மாடியிலிருந்து விழும் மரம் வேறு சங்கதி.

ஆகவே எங்கள் பரிந்துரை: பால்கனியில் முழு வளர்ச்சியில் இரண்டு மீட்டரைத் தாண்டாத புதர்ச்செடிகள். மண் ஆழம் 45 செ.மீ., தொட்டி அகலம் 50 செ.மீ. லேசான கலவையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 270 கிலோ வரும். இதையும் பொறியாளர் தனியாகக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும், ஆனால் கையாளக்கூடிய எண். இட்லிப்பூ, நந்தியாவட்டை தாங்கும். செம்பருத்தி வைத்தால் மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்ட ஆள் வேண்டும். மூங்கில் வேண்டவே வேண்டாம், அதன் கிழங்கு வாட்டர்ப்ரூஃபிங்கைக் கிழிக்கும். ஆல், அரசு, அத்தியை நீங்கள் நடவேண்டியதில்லை, பறவைகளே எச்சத்தில் கொண்டுவந்து போடும்; மாதம் ஒருமுறை இணைப்புகளைப் பார்த்து, விரல் உயரத்திலேயே வேரோடு பிடுங்க வேண்டும்.

மேற்கு வெயில் விழும் சுவருக்குத் தொட்டியைவிடக் கொடிதான் தோது. சிங்கப்பூரில் வோஹா நிறுவனம் வடிவமைத்த 'ஒயாசியா டவுன்டவுன்' ஹோட்டலில் (2016) சிவப்பு அலுமினிய வலையில் கொடிகளை ஏற்றிக் கோபுரத்தையே மூடியிருக்கிறார்கள். வலைக்கும் சுவருக்கும் 40 செ.மீ. இடைவெளி இருந்தால் வெப்பக் காற்று மேலேறிப் போகும், ஆளும் கைவிட்டு வெட்டலாம். ரங்கூன் மல்லி வேகமாகப் படரும். வலை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடற்காற்றில் சாதாரணக் கம்பி நிற்காது.

ஒழுகும் என்று பயப்படுகிறவர்கள் சொல்வது நியாயம். ஸ்லாப்போடு சேர்த்து வார்த்த கான்கிரீட் தொட்டி ஒழுகினால், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே மண் முழுவதையும் அள்ள வேண்டும். எங்கள் ஓட்டு தனி எஃப்.ஆர்.பி. (இழை கலந்த பிளாஸ்டிக்) தொட்டிக்கு. வாட்டர்ப்ரூஃபிங் செய்து ஓடு பதித்த தரையில், 5 செ.மீ. கால்களின் மேல் உட்கார்த்தி, காற்றுக்கு நகராமல் சுவரோடு பிணைப்பது. கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், தொட்டியைக் கழற்றவும் முடியும். கான்கிரீட்தான் என்று பில்டர் பிடிவாதம் பிடித்தால்: உள்மூலைகளைச் சிமென்ட் கலவையால் வளைவாக மழுக்கி, பாலியூரித்தேன் பூச்சை மண்மட்டத்துக்கு 10 செ.மீ. மேல்வரை ஏற்றி, தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் சங்கத்தின் ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் அந்தச் சோதனை. அதன்மேல் வேர்த் தடுப்புத் தாள், வடிகால் தட்டு, வடிதுணி, கடைசியாக மண். தொட்டிக்கு இரண்டு வடிகால் வாய்கள். அடைத்தால் போக, விளிம்புக்குக் கீழே ஒரு வழிந்தோடும் துளை. ஒவ்வொரு வாய்க்கும் மேல் துளையிட்ட குழாயை மண்மட்டம்வரை நிறுத்தி மூடி போட்டால், திறந்து பார்த்து வேரை எடுக்கலாம். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் பெரும்பாலான தொட்டிகள் மூன்றாவது மழைக்காலத்தில் குளமாகின்றன.

தண்ணீர் அளவு நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பிரச்சினை இல்லை. வீட்டுக்கு 4 சதுர மீட்டர் செடி, கோடையில் சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 லிட்டர் என்றால் 56 வீட்டுக்கும் 1,120 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் உங்கள் கட்டடம் நாளைக்கு 30,000 லிட்டர் பயன்படுத்தும். சுத்திகரித்த கழிவுநீரில் ஒரு துளியே போதும். உப்புதான் பிரச்சினை. ஆர்.ஓ. கழிவுநீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. சில மாதங்களில் இலை நுனி கருகும். கடினமான போர்வெல் தண்ணீர் சொட்டுநீர்த் துளைகளை அடைக்கும், வடிகட்டியை வாராவாரம் கழுவ ஆள் வேண்டும்.

கொசுவுக்குச் சீனாவின் செங்டு நகரம் பாடம். 'சீயி சிட்டி ஃபாரஸ்ட் கார்டன்' என்ற, 2018-இல் கட்டிய குடியிருப்பில் பால்கனிதோறும் செடி. 826 வீடுகளும் விற்றுப்போயின. ஆனால் 2020-இல் பத்துக் குடும்பங்கள் போலத்தான் குடியேறியிருந்தன. செடிகள் கட்டுக்கடங்காமல் பால்கனியை விழுங்கிவிட்டன, கொசுத் தொல்லை என்று செய்தி வந்தது. வெறும் வீட்டின் பால்கனிக்குள் தினமும் போய்ப் பார்க்க யாருமில்லை. உங்கள் 56 வீட்டிலும் சில வீடுகள் வெளிநாட்டில் இருப்பவர்களுடையதாக இருக்கும் அல்லவா? நின்ற நீரில் ஒரு வாரம், பத்து நாளில் ஏடிஸ் கொசு வளர்ந்து பறந்துவிடும்.

எனவே ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: தொட்டியும் செடியும் சங்கத்தின் பொதுச் சொத்து, பூட்டிய வீடானாலும் தோட்டக்காரர் உள்ளே போகவோ, மேலிருந்து கயிற்றில் இறங்கவோ உரிமை உண்டு, கயிற்றுக்கான நங்கூரங்களை மொட்டைமாடியில் பில்டரே பொருத்தித் தருவார், முதல் இரண்டு ஆண்டுப் பராமரிப்பும் பட்டுப்போன செடிக்கு மாற்றும் அவர் பொறுப்பு. ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3)-ஆம் பிரிவு, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பைப் பில்டர் மேல் வைக்கிறது. 12-ஆம் பிரிவு, விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தால் இழப்பீடு கேட்க வழி தருகிறது. புதிதாக வாங்குவோருக்கு இவை நேரடியாகக் கைகொடுக்கும். பழைய உரிமையாளர்களான நீங்கள் அதே வாசகங்களைக் கூட்டு ஒப்பந்தத்திலும் எழுத வையுங்கள், மரம் நிற்கும் அந்தப் படத்தையும் இணைப்பாகச் சேருங்கள். சேர்க்க அவர் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்று. 40 ஆண்டுப் பழைய வளாகத்தில் ஒரு வேம்போ மாமரமோ நிச்சயம் இருக்கும். கார் நிறுத்த மனையின் எல்லைவரை அடித்தளம் தோண்டினால் அது போய்விடும். பிறகு மழைநீர் இறங்கவும் மண் இருக்காது. தரையில் நிற்கும் மரத்தை வெட்டிவிட்டுப் பத்தாம் மாடியில் மரம் வளர்ப்பது வேடிக்கையான ஏற்பாடு. அடிமரக் குறுக்களவைப் போல் 12 மடங்கு தூரத்தை ஆரமாகக் கொண்டு வட்டம் போட்டு அதற்குள் தோண்டாமல் விடுவது ஆஸ்திரேலியாவில் பின்பற்றும் தரநிலை. 40 செ.மீ. வேம்புக்கு 4.8 மீட்டர். கையெழுத்துக்கு முன் அந்த வட்டத்தை அடித்தள வரைபடத்தின் மேல் வரைந்து பாருங்கள். இரண்டு மூன்று கார் இடம் குறையும். அதற்குச் சம்மதமா என்று பில்டரைக் கேட்பதற்கு முன் உங்கள் சங்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.