நிறம் மட்டுமே இருக்கும் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

நாகர்கோவிலில் இருப்பதாகவும், நிறத்தையே பொருளாகக் கொண்ட நவீன ஓவியக் கண்காட்சிகளில் எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் எங்கே போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் தக்கலைக்காரன். பல வருடங்களுக்கு முன் திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன கேலரிக்கு நண்பரோடு போனேன். அவர் டிராயிங் மாஸ்டர். ஒரு சுவரில் ஆளுயர கேன்வாஸ், முழுக்கச் சிவப்பு. அரை நிமிடத்தில் நகரப் பார்த்தவனை, “இங்கயே கொஞ்சம் நில்லு” என்று நிறுத்தினார். நின்றேன். மெல்ல மெல்ல அந்தச் சிவப்பு பிரிய ஆரம்பித்தது. அடியில் ஒரு ஆரஞ்சுப் பூச்சு, ஓரங்களில் கிட்டத்தட்டக் காய்ந்த ரத்த நிறம், நடுவில் தூரிகை போன தடம். அப்புறம் பக்கத்து வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொன்னார். அங்கே வெளிறிய நீலப்பச்சையில் ஒரு கட்டம் மிதந்தது! சிவப்பை வாங்கும் செல்கள் களைத்துப்போனதும் கண் தானாகவே எதிர்நிறத்தைக் காட்டுகிறது என்றார். ஓவியத்தில் பாதி நம் கண்ணுக்குள்தான் நடக்கிறது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஓவியர் 1950-இல் தொடங்கி 1976-இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரமாகவே வரைந்துகொண்டிருந்தார். ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதை அதன் பக்கத்து நிறம்தான் முடிவு செய்கிறது, அவர் விடாமல் சோதித்தது இதைத்தான். இதைத் தோவாளையில் மாணிக்கமாலை என்ற பூமாலையைக் கட்டுகிறவர்கள் கையாலேயே அறிந்திருக்கிறார்கள். செவ்வரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை, அவ்வளவுதான். பச்சை இலையை ஒட்டிய சிவப்பு தீயாய் எரியும். அதே பூ வெள்ளைக்குப் பக்கத்தில் இருண்டு தெரியும். ஒரு நாள் விடியற்காலை பூச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள், கண்ணுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையையும், அதாவது மன்னரின் ஆலோசனைக் கூடத்தையும், சேர்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள் இருக்கும். வெளியே கொளுத்துகிற வெயில், நிறம் ஏறித் தணிந்து உள்ளே வரும். கீழே பளபளக்கும் கறுப்புத் தரை. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்பார்கள். வெளிச்சத்தையே வண்ணமாக வைத்து இன்று கலைஞர்கள் அமைக்கும் அறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அறைதான் ஞாபகம் வருகிறது.

சரி, கண்காட்சிகள். நான் பார்த்தவரை நம் மாவட்டத்தில் எப்போதாவதுதான் நடக்கும். திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் 1935-இல் தொடங்கிய ஸ்ரீசித்ரா கலைக்கூடம் இருக்கிறது. வளாகத்தில் ரவிவர்மாவை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் இந்தக் கலைக்கூடத்தில் ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்கின் இமயமலைப் படங்களின் முன் நில்லுங்கள். இன்றைய கலைக்கு, 2012-இல் தொடங்கிய கொச்சி பினாலே, அதாவது ஈராண்டுக் கலைக் கண்காட்சி. வழக்கமாக டிசம்பரில் தொடங்கிச் சில மாதங்கள் நடக்கும். ஒரே நாளில் சுற்றி முடிக்க முடியாது, இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

எங்கே போனாலும் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். போனைப் பைக்குள் வையுங்கள், அதன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே மாற்றிவிடும். பத்துப் படங்களை ஓடிப் பார்ப்பதைவிட இரண்டு படங்களின் முன் நிற்பது மேல். திங்கட்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள், அரண்மனைக்கும் மியூசியத்துக்கும் அன்று விடுமுறை.