முதல் ஞாயிறு வந்தவர் மறு ஞாயிறு ஏன் வருவதில்லை?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஊர்க் கோவில் சமூகத்தில்) புதிதாக ஒரு வரவேற்புக் குழு தொடங்கியிருக்கிறோம். ஞாயிறு திருப்பலிக்கு முன் வாசலில் நின்று வணக்கம் சொல்கிறோம். திருப்பலி முடிந்ததும் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுகிறோம், பதிவுப் படிவமும் கொடுக்கிறோம். இருந்தும் பலர் மறுவாரம் வருவதில்லை. பல வருடம் கழித்துக் கோவிலுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். திருமுழுக்குப் பெறாமல், ஆர்வத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இவர்களிடம் எப்படிப் பேசுவது?

பதில்: எழுந்து நிற்கச் சொல்வதை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். வீடு மாறி வந்த குடும்பத்துக்கு அது பிடிக்கலாம். பதினைந்து வருடம் கழித்துத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தவருக்கு அது பெரிய தண்டனை. வேறு மதத்திலிருந்து வந்து பார்க்கிறவருக்கோ, கைதட்டியவுடன் தன்னைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்ற பயம் வரும். மூன்று பேருக்கும் தேவை வேறு. புதிதாகக் குடிவந்தவரை நாலு பேர் அறிந்துகொள்ள வேண்டும். திரும்பி வருகிறவரை முதலில் யாரும் துருவாமல் இருக்க வேண்டும். தேடி வருகிறவருக்கு அவசரப்படுத்தாத ஒரு துணை வேண்டும்.

வந்திருப்பவர் இவர்களில் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? "முதல் முறையா வர்றீங்களா?" என்று கேட்காதீர்கள். இன்னொரு நேரத் திருப்பலிக்குப் பத்து வருடமாக வருகிறவரிடம் அப்படிக் கேட்டால் மனம் நொந்துபோவார். உங்கள் பெயரைச் சொல்லி, "நாம இதுவரை பேசினதில்லைன்னு நினைக்கிறேன்" என்று தொடங்குங்கள். அப்புறம் அவர் பேசட்டும். பாதி விஷயம் தானாகவே வந்துவிடும்.

வாசலில் யாரை நிறுத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்து வாசலுக்கு விவேகமுள்ள ஒரு முதியவரை வைக்கச் சொன்னார். செய்தியைக் கேட்டுப் பதில் சொல்லத் தெரிந்தவராக, வயது முதிர்ச்சியால் அங்குமிங்கும் அலையாதவராக அவர் இருக்க வேண்டும் என்றார். இன்றைக்கும் அதுதான் சரி. ஒரே ஆள் பல மாதம் ஒரே இடத்தில் நின்றால்தான் மறுவாரம் வருகிறவருக்கு ஒரு தெரிந்த முகம் கிடைக்கும்.

புதிதாகக் குடிவந்தவர்கள் விஷயம் எளிது. "பதிவு செய்தால்தான் உறுப்பினர்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். இலத்தீன் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, ஒரு பங்கின் எல்லைக்குள் நிரந்தரமாக வாழும் எண்ணத்தோடு ஒரு கத்தோலிக்கர் குடிவந்தாலே அந்தப் பங்குத்தந்தை அவருக்கும் பங்குத்தந்தை. குறைந்தது 3 மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தவருக்கும் இது பொருந்தும். அதனால் வாடகைக்கு வந்தவர், விடுதியில் தங்கிப் படிக்கிறவர், வேலைக்காகச் சில மாதம் வந்தவர் எல்லாரும் உங்கள் மக்கள்தான். படிவம் நிர்வாகத்துக்கு உதவும். அதை இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் கொடுத்தால் போதும். முதல் நாளில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பங்குக் குடும்பத்தை அறிமுகம் செய்து வையுங்கள். சில வாரத்தில் ஒரு சின்னப் பொறுப்புக்கும் அழையுங்கள்.

அதிகக் கவனம் வேண்டியது திரும்பி வருகிறவர்களிடம்தான். "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்ற கேள்வி உங்கள் குழுவில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. விளையாட்டாகக்கூட வேண்டாம். பின்னால் ஒரு மரணம் இருக்கலாம், குடும்பச் சண்டை இருக்கலாம், கோவிலிலேயே ஒருவர் கடுமையாகப் பேசியது இருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். சபையின் ஆள் ஒருவரால் காயப்பட்டேன் என்று சொன்னால் யாருக்காகவும் வாதாடாமல் கேளுங்கள். அது துன்புறுத்தல் என்று தெரிந்தால் உங்களுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அதை உரிய இடத்தில் முறையிட அவருக்குத் துணை நில்லுங்கள்.

இவர்களில் பலரைத் தடுத்து வைத்திருப்பது தவறான தகவல். மணமுறிவு ஆனவர் கோவிலுக்கே வரக்கூடாது என்று நம்பி ஒதுங்கி இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. மணமுறிவு ஆகி மறுமணம் செய்யாமல் இருப்பவருக்கு, அந்தக் காரணத்துக்காக மட்டும் நற்கருணை மறுக்கப்படுவதில்லை. பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டவர்களுக்கு, அந்தத் திருமணத்தைத் திருச்சபையில் செல்லுபடியாக்கப் பல நேரம் வழி இருக்கிறது. மறுமணம் செய்தவர் என்றால் ஒவ்வொருவர் நிலையும் வேறு. அங்கே நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "ஃபாதர்கிட்ட தனியாப் பேசலாம், வேணும்னா நானும் கூட வர்றேன்" என்பதோடு நிறுத்துங்கள். எந்த நிலையில் இருப்பவரும் திருப்பலியில் பங்கேற்கலாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

ஒப்புரவு அருளடையாளத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிட) போகவும் பயப்படுவார்கள், முக்கியமாக முறை மறந்துவிட்டதே என்று. "ரொம்ப வருஷம் ஆச்சு, எப்படின்னு மறந்துபோச்சு" என்று சொன்னாலே குருவானவர் கைப்பிடித்து நடத்துவார். அங்கே சொன்னதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது. தெரிந்தவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு குருவிடம் போகலாம். திருமுழுக்குச் சான்றிதழ் தொலைந்துவிட்டதே என்ற கவலைக்கும் அவசியமில்லை. திருமுழுக்கு நடந்த பங்கின் பதிவேட்டில் விவரம் இருக்கும், கேட்டு வாங்கலாம்.

இனி, தேடி வருகிறவர். இவரிடம் முதல் மாதங்களில் திருமுழுக்குப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். மனச்சான்றுக்கு எதிராக யாரையும் கத்தோலிக்க நம்பிக்கைக்கு வற்புறுத்த எவருக்கும் உரிமை இல்லை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. பக்கத்தில் உட்காருங்கள். எப்போது எழுவது, எப்போது அமர்வது என்று மெதுவாகச் சொல்லுங்கள். திருமுழுக்குப் பெறாதவர் நற்கருணை வாங்க முடியாது என்பதால், அதை வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது அவர் குழம்புவார். அதைத் திருப்பலிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "அந்த நேரத்தில் நீங்க இங்கேயே இருந்து ஜெபிக்கலாம், நானும் வந்துடுவேன்." வரிசையில் வைத்து ஒருவரைத் திருப்பி அனுப்பும் வேதனை இதனால் தவிர்க்கப்படும்.

அவராகவே விரும்பிக் கேட்டால், பெரியவர்களுக்கான புகுமுகப் பயிற்சி இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதைப் படிப்படியான பயணமாக மீண்டும் நிறுவச் சொன்னது. அதற்கான சடங்குமுறை 1972இல் வெளிவந்தது. பொதுவாகப் பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் ஒன்றாகப் பெறுகிறார்கள். தேடலுக்கென்று கால வரையறை கிடையாது. தவக்காலம் நெருங்குகிறதே என்று தயாராகாதவரைத் தள்ளிவிடக்கூடாது. இன்னொரு கிறிஸ்தவ சபையில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர் வந்தால் அவருக்கு மறுபடியும் திருமுழுக்குக் கிடையாது. அவரைத் திருமுழுக்குப் பெறாதவர்களோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு துணையை நியமியுங்கள், குழுவை அல்ல. முன்பு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய சவுலைக் (பின்னாளில் புனித பவுல்) கண்டு எருசலேமில் எல்லாரும் அஞ்சியபோது பர்னபாதான் அவரைத் திருத்தூதர்களிடம் அழைத்துப் போனார். பிறகு தர்சுக்கே போய்ச் சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அந்தியோக்கியாவுக்குக் கூட்டிவந்து, ஓராண்டு முழுவதும் அங்கே அவரோடு இருந்தார். உங்கள் குழுவும் அந்த அளவுக்குத் திட்டமிட வேண்டும். ஒருவர் இரண்டு ஞாயிறு வரவில்லை என்றால், ஏற்கெனவே எண் தந்திருந்தால் துணையாக இருப்பவர் ஒரு முறை அழைத்து நலம் விசாரிக்கட்டும், காரணம் கேட்க வேண்டாம். பாஸ்காவுக்குப் பிறகு இது இன்னும் அவசியம். வகுப்புகள் முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர் திடீரென்று தனியாகிவிடுவார். அந்த வருடம் முழுக்க அதே துணை அவர் பக்கத்தில் உட்காரட்டும்.