வக்கீல் செலவை நினைத்து விட்டுவிடாதீர்கள்

சகோதரி, தம்பிக்கு 80 சதவீத அறிவுசார் குறைபாடு, மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடையாது என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள், வக்கீலுக்குப் பணமில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. தமிழ்நாட்டில் இந்தக் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம்.

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மனுவை ஸ்பீட் போஸ்டில் மறுபடி அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாய்ப்பேச்சை எதிர்த்து வாதாடுவது கடினம்.

வக்கீல் இலவசம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-ஆம் பிரிவுப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தம்பி பெயரில் மனு கொடுங்கள், 15100-க்கும் பேசலாம்.

அப்புறம், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 38-ஆம் பிரிவில் கூடுதல் ஆதரவு கேட்கவும் வழி உண்டு. தம்பிக்காக அம்மாவே விண்ணப்பிக்கலாம். இதையும் அந்த வக்கீலிடம் கட்டாயம் சொல்லுங்கள்.